கணப்பை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்

சென்ற வாரம் என் நண்பர் ஒருவர் போன் செய்தார். சொல்தா பென்ஷன் வாங்குபவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கனடாவில் இருக்கும் மகனிடம் போகிறாராம். இலையுதிர் காலத்தில் குடும்பத்தோடு கேரவனில் ஊர் சுற்றப் போகிறார்களாம். "குளிரைப் பத்திக் கவலையே இல்லப்பா, வண்டிக்குள்ளயே கரண்ட் கணப்பு இருக்காம். நெருப்பும் கிடையாது, புகையும் கிடையாது. ராத்திரி முழுக்கப் போட்டுக்கிட்டுத் தூங்கலாமாம்" என்றார்.

"போட்டுக்குங்க. ஆனா தூங்கறப்ப அணைச்சுடுங்க" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கம்பெனிக்காரன் பொருத்திக் கொடுத்ததை, அந்த நாட்டு அரசாங்கம் ஒப்புக்கொண்டதை, புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு ஒரு ரிட்டயர்டு கிளார்க் குறை சொல்வதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். போனில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். அவர் படிப்பார். அவரைப் போல வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கிற நம் ஊர்ப் பெரியவர்களும் படிக்கட்டும்.

முதலில் அந்தப் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். படுக்கை, சமையல் மேடை, கழிவறை எல்லாம் ஒரே டப்பாவுக்குள். வட அமெரிக்காவில் இதைக் காரின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு காடு, ஏரி என்று போய்த் தங்குவார்கள். புதிதாக வருகிற பல கேரவன்களில் டிவிக்குக் கீழே கண்ணாடி போட்ட ஒரு கணப்பு இருக்கிறது. உள்ளே விறகு எரிவது போலத் தெரியும். எரிவது விறகல்ல, சின்னச் சின்ன எல்இடி விளக்குகள். அவை சில வாட் மின்சாரத்தில் ஆடிக் காட்டுகின்றன. சூடு வருவது வேறு வழியில். மேலேயோ கீழேயோ ஒளிந்திருக்கும் கம்பிச் சுருளும் காற்றாடியும்தான் வெப்பத்தை ஊதுகின்றன. நம் வீட்டு ரூம் ஹீட்டருக்கு நெருப்பு வேஷம் போட்டது போலத்தான். பெரும்பாலும் குறைந்த சூட்டுக்கு 750 வாட், முழுச் சூட்டுக்கு 1,500 வாட்.

எனக்கு அந்த வேஷத்தின் மேல் ஒரு மயக்கம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1960-களில் நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். சித்திரை வெயிலில் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்க, பனி பெய்யும் இரவில் 'ஓ குவேன் துய் ஃபே', அதாவது கணப்போரம், உட்கார்ந்து பாட்டி கதை சொல்வதைப் பற்றி வாசிப்போம். கணப்பு என்றால் எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. மார்கழி விடியலில் கடற்கரைச் சாலையில் மப்ளர் சுற்றி நடப்பதுதான் நமக்குத் தெரிந்த குளிர். அறுபது வருடம் கழித்து, மொன்றியாலில் இருக்கும் என் பெரியவன் கேரவன் கதவைத் திறந்து, "பாருங்கப்பா, உங்க பாடப் புத்தகத்துல வந்தது" என்று அந்தக் கணப்பைப் போட்டுக் காட்டியபோது என் கண் கலங்கிவிட்டது. கியூபெக் பிரெஞ்சில் அதற்கு 'ஃபுவாயே எலெக்ட்ரிக்' என்று பெயர். ஃபுவாயே என்றால் கணப்பு, வீடு என்றும் பொருள். இப்படி ஒரு பெயரைக் கேட்டுவிட்டு யார் சந்தேகப்படுவார்கள்?

அது ஓர் அக்டோபர் மாதம். மொன்றியாலுக்கு வடக்கே லொரான்தீத் மலைப்பகுதியில் மேப்பிள் இலைகள் சிவந்து கிடக்கும் காலம். மகன் ஒரு கேரவனை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்திருந்தான். முகாமில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கரண்ட் கம்பம் உண்டு, அதில் ஒயரைச் செருகிக்கொள்ள வேண்டும். பகலில் இதமான வெயில். இருட்டியதும் குளிர் பூஜ்யத்துக்குப் போய்விடும். முதல் இரவு கணப்பு விடிய விடிய ஓடியது. சுகமாகத் தூங்கினோம். இரண்டாம் நாள் இரவு சாப்பாடு முடிந்ததும் மகன், மருமகள், பேரன் மூவரும் பக்கத்து வண்டிக்காரர்களோடு வெளியே விறகு மூட்டி உட்காரப் போனார்கள். "மாமா, அத்தைக்கு முட்டி வலி அதிகமாயிடும். நீங்க உள்ளயே கணப்புகிட்ட இருங்க" என்று மருமகள் சொல்லிவிட்டுப் போனாள். அன்பாகத்தான் சொன்னாள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். என் மனைவி போர்வைக்குள்ளிருந்து, "என்னங்க, யாரோ கருவாடு சுடறாங்க" என்றாள்.

நான் சிரித்தேன். கியூபெக் காட்டுக்குள் கருவாடு சுட யார் இருக்கிறார்கள்? பிறகு எனக்கும் அந்த வாடை வந்தது. எங்கள் பழைய ஆபீஸில் ஒரு முறை சுவிட்ச் போர்டு தீய்ந்தபோது இதே வாடை வந்தது நினைவுக்கு வர, சிரிப்பு நின்றுவிட்டது. ப்ளக், சுவிட்ச் செய்யப் பயன்படும் சில வகைப் பிளாஸ்டிக் அளவுக்கு மேல் சூடானால் மீன் வாடைதான் அடிக்கும். எழுந்து கணப்புக்குப் பக்கத்து அலமாரியைத் திறந்து உட்சுவரைத் தொட்டேன். கணப்பின் ப்ளக் செருகியிருந்த இடம் கை வைக்க முடியாமல் கொதித்தது. கணப்பை அணைத்தேன். ப்ளக்கைப் பிடுங்கப் பயமாக இருந்தது. படுக்கைக்குக் கீழே இருந்த பெட்டியில் எல்லா ட்ரிப்பரையும் இறக்கிவிட்டு, இருட்டில் கதவைத் திறந்து மகனைக் கூப்பிட்டேன்.

டார்ச் அடித்துப் பார்த்தான். ப்ளக்கின் ஒரு முள் கறுத்திருந்தது. சுற்றியிருந்த பிளாஸ்டிக் மெழுகு போலத் தொங்கியிருந்தது. புகை இன்னும் வரவில்லை, அதனால் புகை அலாரம் அடிக்கவில்லை. ட்ரிப்பரும் விழவில்லை. கருவாட்டு வாடை தெரிந்த ஒருத்தி விழித்திருந்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் வண்டியைக் கொடுத்தவரிடம் மகன் முறையிட்டான். அவர் மூன்று பதில் சொன்னார். கணப்புக்கு சிஎஸ்ஏ முத்திரை இருக்கிறது. ட்ரிப்பர் விழவில்லை, ஆகவே அளவுக்கு மேல் கரண்ட் போகவில்லை. இதில் நெருப்பே இல்லை, கேஸைவிட இதுதான் பாதுகாப்பு. நண்பர் போனில் சொன்னதும் இதே மூன்றும்தான். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் முத்திரை. ஆயுள் முழுக்க முத்திரைகளோடு வாழ்ந்தவன் நான். கோப்பில் ஐந்தாம் பக்கத்தில் அதிகாரி கையெழுத்துப் போட்டால், அது ஐந்தாம் பக்கத்துக்குத்தான். பின்னால் தைத்திருக்கும் இணைப்புகளுக்கு அது ஜாமீன் ஆகாது. அதுபோல, கணப்பின் முத்திரை கணப்புக்கு. அது செருகியிருக்கும் ப்ளக் பாயின்ட், அதன் பின்னால் ஓடும் ஒயர், முகாமில் பத்து வருடமாக மழையிலும் பனியிலும் நிற்கும் கம்பம் இவற்றுக்கெல்லாம் அந்த முத்திரை பொறுப்பேற்காது. அந்த இரவில் கணப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. தீய்ந்தது ப்ளக் பாயின்ட்.

வீட்டுச் சுவரில் இருக்கும் ப்ளக் பாயின்ட் அசையாது. கேரவனில் இருப்பது ஒவ்வொரு பயணத்திலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குலுங்குகிறது. பல கேரவன்களில் ஒயரைத் திருகு போட்டு இறுக்குவதுகூடக் கிடையாது, அழுத்திச் செருகும் வகைதான். விளக்குக்கும் போன் சார்ஜருக்கும் அது போதும். இரவு முழுக்க 1,500 வாட் இழுக்கும் பொருளுக்குப் போதுமா என்பதே கேள்வி.

இரண்டாவது, ட்ரிப்பர். நம்மில் பலர் ஏமாறுவது இங்கேதான், நானும் ஏமாந்தேன். ட்ரிப்பர் எண்ணுவது கரண்டின் அளவை. ப்ளக் சுடுகிறதா என்று அதற்குத் தெரியாது. செருகியது லூசாக இருந்தால் கரண்ட் கூடுவதில்லை, அந்த ஓரிடத்தில் சூடு மட்டும் கூடும். எங்கள் பிசிக்ஸ் ஆசிரியர் இதை 'எஃபே ஜூல்' என்று சொல்லிக் கொடுத்தார். 1841-இல் ஜூல் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட விதி. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எனக்கு மனக்கணக்கு இன்றைக்கும் பிரெஞ்சில்தான் ஓடும், உங்களுக்குத் தமிழில் தருகிறேன். கனடாவிலும் அமெரிக்காவிலும் ப்ளக் பாயின்டில் வருவது 120 வோல்ட். 1,500 வாட்டுக்கு 12.5 ஆம்பியர் ஓட வேண்டும். நம் ஊர் 230 வோல்ட்டில் அதே கணப்புக்கு ஆறரை ஆம்பியர் போதும். இப்போது லூசான முள்ளில் 0.2 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அங்கே எட்டரை வாட் சூடு பிறக்கும். அங்கே 31 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் ஏறக்குறைய அதே அளவுதான். சுவருக்குள், மரப்பலகைக்குப் பக்கத்தில், ஒரு சால்டரிங் அயர்னைப் போட்டுவிட்டுத் தூங்குவது போன்றது இது. சூடானால் உலோகம் கறுக்கும், பிடிப்பு தளரும், தடை இன்னும் ஏறும், சூடும் ஏறும். இவ்வளவுக்கும் ட்ரிப்பர் அசையாது. நம் ஊர் அனுபவத்தை வைத்துக்கொண்டு "ஒரு ஹீட்டர்தானே" என்று அலட்சியமாக நினைப்பவர்கள் இந்த நான்கு மடங்கை மறக்கக் கூடாது.

இன்னொன்று. 15 ஆம்பியர் லைனில் மணிக்கணக்காக ஓடும் பொருள் 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது அங்குள்ள எலெக்ட்ரீஷியன்களின் பால பாடம், அதாவது 80 சதவீதம். முழுச் சூட்டில் கணப்பு ஒன்றே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. வீட்டில் என்றால் அறை சூடானதும் கணப்பு தானாக நின்று ஓய்வெடுக்கும். கேரவனின் மெல்லிய சுவரில் சூடு நிற்காது. 1,500 வாட் என்றால் சுமார் 5,100 பிடியூ. வண்டியோடு வரும் கேஸ் சூடேற்றியோ பெரும்பாலும் இருபதாயிரத்துக்கு மேல். கால் பங்கு வேலைக்காரனிடம் முழு வேலையைக் கொடுத்தால் அவன் ஓய்வில்லாமல்தான் உழைப்பான். ஆகவே வெளியே பூஜ்யம் என்றால் கணப்பு விடியும்வரை முழு மூச்சில் ஓடும்.

மூன்றாவது, கேஸைவிடப் பாதுகாப்பு என்ற வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கரண்ட் கணப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு வராது. கேஸ் எரியும் எந்தச் சாதனம் பழுதானாலும் அந்த விஷவாயு வரலாம். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. சமையல் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய்கிறவர்கள் அதனால் செத்தே போகலாம். ஆனால் கேரவனோடு பொருத்தி வரும் கேஸ் சூடேற்றி அப்படித் திறந்து எரிவதல்ல. மூடிய அறைக்குள் எரிந்து, வெளியிலிருந்து காற்றை எடுத்து, புகையை வெளியே தள்ளுகிறது. அதைப் பராமரித்து, கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் காலாவதித் தேதியையும் பார்த்து வைத்திருந்தால் இரவுக்கு அதுவே ஏற்றது. பல வண்டிகளில் அந்தச் சூட்டின் ஒரு பங்கு கீழ்த்தளத்துக்கும் போய்த் தண்ணீர்க் குழாய்களைக் காக்கிறது. கணப்பை மட்டும் நம்பினால் மேலே இதமாக இருக்கும், கீழே குழாய் உறைந்து வெடிக்கும். பூட்டியிருக்கும் ஒரு கஷ்டத்துக்குப் பயந்து திறந்திருக்கும் இன்னொன்றுக்குள் நுழைவது புத்திசாலித்தனமா?

சிலர், "அப்படியானால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு வேறு பாயின்டிலிருந்து எடுத்தால் போச்சு" என்பார்கள். அது இன்னும் மோசம். ஹீட்டர்களைச் சுவர் ப்ளக் பாயின்டில் நேராகச் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் கூடாது என்றுதான் ஹீட்டரோடு வரும் விளக்கப் புத்தகங்கள் சொல்கின்றன. ஒரு இணைப்பு லூசானதற்கே இந்தப் பாடு, இன்னும் இரண்டைக் கூட்டுவானேன்? கம்பத்தில் 30 ஆம்பியர் லைன் என்றால் வண்டி முழுவதற்கும் 3,600 வாட்தான். கணப்புக்கு 1,500, காபிக்குத் தண்ணீர் காய்ச்சும் கெட்டிலுக்கு 1,500, குளியல் ஹீட்டருக்கு ஏறக்குறைய 1,400. மூன்றும் சேர்ந்தால் கணக்கு இடிக்கிறது. அப்போது ட்ரிப்பர் விழும், நல்லதுதான். ஆனால் தினமும் விழுகிறதே என்று பழகிப்போய், தட்டித் தட்டி மேலே ஏற்றுகிறவர்களைக் கண்ணால் பார்த்தேன்.

நான் கணப்பைத் தடை செய்யச் சொல்லவில்லை. மாலையில் எல்லோரும் விழித்திருக்கும்போது போடுங்கள். பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்கள். படுக்கப் போகும்போது சூட்டை அணைத்துவிட்டு, வேண்டுமானால் பொய் நெருப்பை மட்டும் எரியவிடுங்கள். பெரும்பாலான கணப்புகளில் அந்த வசதி இருக்கிறது. எனக்கு வேண்டியிருந்ததும் அந்த நெருப்பின் தோற்றம்தானே தவிர, அதன் வாட் அல்ல.

தயாரிக்கிறவர்கள் கணப்புக்கென்று தனி லைன் கொடுக்க வேண்டும். திருகு போட்டு இறுக்கிய ப்ளக் பாயின்டை, கை எட்டிப் பார்க்கிற இடத்தில் வைக்க வேண்டும். அலங்காரப் பொருளாக நினைத்துப் பொருத்திவிட்டு, குளிர்காலத்துக்கே போதும் என்பது போல விற்பது நேர்மையல்ல. வாடகைக்கு விடுகிறவர்கள் வண்டி திரும்பி வரும்போதெல்லாம் படுக்கை விரிப்பை மாற்றுவது போல ப்ளக்கையும் ஒரு முறை உருவிப் பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கேரவனுக்குக் கதவு ஒன்றுதான். இன்னொரு வழி, சிவப்புப் பிடி போட்ட அவசர ஜன்னல். நீங்கள் ஒரே தாவலில் இறங்கிவிடுவீர்கள். முட்டி மடங்காத உங்கள் அம்மா ஓர் ஆள் உயரத்திலிருந்து இருட்டில் எப்படிக் குதிப்பாள்? எங்கள் படுக்கைக்கும் கதவுக்கும் நடுவில்தான் அந்தக் கணப்பு இருந்தது. ஊருக்குத் திரும்பி வெகு நாளைக்கு என்னைத் தூங்கவிடாத விஷயம் அதுதான். குளிருக்கு இன்னொரு கம்பளி கொடுங்கள், வெந்நீர்ப் பை கொடுங்கள். கணப்பைப் போட்டு எங்களைத் தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

நம் வயதுக்காரர்களுக்கும் சொல்கிறேன். பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். கணப்பு அரை மணி நேரம் ஓடியதும் ப்ளக்கின் பிளாஸ்டிக் பாகத்தை உலர்ந்த கையால் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு இருக்கலாம். சுட்டால் அணைத்துவிட வேண்டியதுதான். மறுபடி போடக் கூடாது.

மூன்றாம் இரவு கேஸ் சூடேற்றியைப் போட்டோம். இரைச்சல் அதிகம், மனைவிக்கு இரண்டு முறை தூக்கம் கலைந்தது. காலையில் எல்லோரும் எழுந்து காபி குடித்தோம்.

கனடா போகிறவர்களுக்கு மட்டும் எழுதியதாக நினைக்க வேண்டாம். ஊருக்கு வந்த மறுநாள் என் வீட்டு கீசரைப் பார்த்தேன். 2,000 வாட், ஏறக்குறைய ஒன்பது ஆம்பியர். அதை ஒரு மல்டி பின்னில் மாட்டி, 6 ஆம்பியர் பாயின்டில் செருகி ஏழு வருடமாக வெந்நீர் குளித்துக்கொண்டிருக்கிறேன். ப்ளக்கை உருவினேன், ஒரு முள் கறுத்திருந்தது. அன்றைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் பாயின்ட் போட்டேன். இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டில் சுவிட்சை அணைத்துவிட்டு அந்த ப்ளக்கை ஒரு தடவை உருவிப் பாருங்கள்.

சொல்தா நண்பரே, பயணம் நல்லபடி அமையட்டும். கருவாட்டு வாடை வந்தால் யார் சுடுகிறார்கள் என்று தேடாதீர்கள். முதலில் ட்ரிப்பரை இறக்குங்கள்.